கூடம் கோணல்தான் பாஸ்!

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்னாளாம்!' கேரம் ஆடுகிற இடத்தில் இந்தப் பழமொழியிடம் மாட்டாமல் நீங்கள் தப்பித்திருக்கவே முடியாது. அருமையான கட் ஷாட். குழி வாசல் வரைக்கும் சமர்த்தாகப் போன காய், அங்கே ஏதோ ஞாபகம் வந்த மாதிரி லேசாகத் திரும்பி ஓரமாக ஒதுங்கி நிற்கும். 'போர்டு இழுக்குது மச்சி...' என்று நீங்கள் வாயைத் திறப்பதற்குள் சுற்றி நிற்கிற கூட்டம் ஆரம்பித்துவிடும். 'வந்துட்டாருய்யா... கூடம் கோணலாம்ல!'

சரி பாஸ், ஒரே ஒரு டவுட்டு. கூடம் நிஜமாவே கோணலா இருந்தா?

காலேஜ் காமன் ரூம், ஹாஸ்டல் வராந்தா, தெருமுனை மன்றம்... எங்கே வேண்டுமானாலும் போய், அங்கே கிடக்கிற போர்டை உற்றுப் பாருங்கள். நடுவில் டீ கிளாஸ் வைத்த வட்டம். ஒரு மூலையில் வலை அறுந்து, காய் விழுந்ததும் தரையில் உருண்டோடும். அதைத் தேடவே ஒரு ஜூனியர் டியூட்டியில் இருப்பார். ஃபிரேமில் ரெண்டு ஸ்க்ரூ மிஸ்ஸிங். காய்களோ மூணு செட்டில் மிஞ்சியவை, ஒண்ணு மரம், ஒண்ணு பிளாஸ்டிக். ரெட் காணாமல் போய் ரெண்டு வருஷமாச்சு, அதுக்குப் பதிலா நெயில் பாலிஷ் அடிச்ச வெள்ளைக் காய். ஸ்டூலின் ஒரு காலுக்குக் கீழே போன செமஸ்டர் ஜெராக்ஸ் நோட்ஸ் மடிச்சு வெச்சிருக்கும். படிக்கத்தான் உதவலை, முட்டுக் கொடுக்கவாவது ஆச்சே!

சிரிச்சாச்சா? இப்போ கொஞ்சம் சீரியஸா பேசலாம். இந்த மாதிரி ஒரு போர்டில்தான் பல காலேஜ்களில் டீம் செலக்‌ஷனே நடக்கிறது. யார் உள்ளே, யார் வெளியே என்று அந்தக் கோணல் பலகைதான் முடிவு பண்ணுகிறது.

சட்டம் என்ன சொல்லுது?

கேரமுக்கும் உலக அளவில் பக்காவான விதிப்புத்தகம் உண்டு. ஆடும் பரப்பு நாலு பக்கமும் 73.5 முதல் 74 செ.மீ. ப்ளைவுட் தடிமன் குறைந்தது 8 மி.மீ. குழியின் விட்டம் 4.45 செ.மீ. காயின் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ., எடை 5 முதல் 5.5 கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. போர்டு தரையிலிருந்து 63 முதல் 70 செ.மீ. உயரத்தில் இருக்கணும்.

இதைவிட சூப்பர் விதி ஒண்ணு இருக்கு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை ஒரு பக்கத்து ஃபிரேமிலிருந்து முழு பலத்தோடு அடித்தால், அது ஃபிரேமுக்கு ஃபிரேம் குறைந்தது மூன்றரை தடவை போய்வரணும். அதாவது எதிர்ப்பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடி எதிர்ப்பக்கம் போய், நாலாவது பயணத்தில் பாதி தூரமாவது தாண்டணும். பலகையின் வழவழப்பு, ஃபிரேமின் உறுதி, பவுடரின் தரம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே பரீட்சை! உங்கள் காமன் ரூம் போர்டில் அடித்துப் பாருங்கள். ரெண்டு தடவைக்கு மேல் ஓடினால் அதுக்கே ஒரு பார்ட்டி வைக்கலாம்.

நகராத காய் சொல்லும் பொய்

'போர்டு கோணலா? இதோ பாரு...' என்று சீனியர் ஒருத்தர் நடு வட்டத்தில் காயை வைத்துக் காட்டுவார். காய் அசையாது. 'லெவலாத்தானே இருக்கு? ஒழுங்கா ஆடு!' கேஸ் க்ளோஸ்.

இங்கேதான் நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஃபிஸிக்ஸ் உதவிக்கு வருது. நிற்கிற காயை, நிலை உராய்வு பிடித்து வைத்திருக்கும். போர்டு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அது நகராது. ஆனால் ஓடுகிற காய் விஷயம் வேற. அதன் மேல் வேலை செய்கிற உராய்வு, அது போகிற திசைக்கு நேர் எதிராகத்தான் இழுக்கும். பக்கவாட்டில் சாய்வு இழுக்கும்போது, அதைத் தடுக்க அங்கே கிட்டத்தட்ட ஆளே இல்லை. அதனால் நிற்கும்போது சாது மாதிரி இருக்கிற காய், ஓட ஆரம்பித்ததும் சரிவுப் பக்கம் ஒதுங்கும்.

எவ்வளவு ஒதுங்கும்? அரை டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 74 செ.மீ. போர்டில் ஒரு பக்கம் வெறும் ஆறரை மி.மீ. உயர்ந்திருந்தால் போதும். மடிச்சு வெச்ச அந்த ஜெராக்ஸ் நோட்ஸ் கனம்தான். ஒரு காய் அரை விநாடி நேரம் பயணம் செய்தால், உராய்வைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் சுமார் ஒரு செ.மீ. விலகும். குழிக்கும் காய்க்கும் நடுவே மொத்த இடைவெளியே 13 மி.மீ. சொச்சம்தான். பக்கத்துக்கு ஆறரை மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நீங்கள் துல்லியமாக அடித்த ஷாட்டும் குழியின் உதட்டில் பட்டு வெளியேதான் நிற்கும். ஆக, கோணல் கூடத்தில் இருக்கு, உங்க விரலில் இல்லை!

சாய்வு மட்டும் வில்லன் இல்லை. நம்ம ஊர்க் காற்றில் ஈரம் ஜாஸ்தி. ஈரத்தை உறிஞ்சும் ப்ளைவுட் காய்ந்ததும் வளைகிறது. ஆடி முடித்ததும் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போகிறோமே, அதுவும் வருஷக்கணக்கில் பலகையை வில்லாக்கும். ஃபிரேம் ஸ்க்ரூ லூஸானால், அடித்த வேகத்தையெல்லாம் அது குடித்துவிட்டு 'தொப்'பென்று சத்தம் மட்டும் கொடுக்கும். ரீபவுண்ட் ஷாட்டில் நீங்கள் போட்ட கோணக் கணக்கு மொத்தமும் அவுட்.

அடுத்து பவுடர். போரிக் பவுடர் தீர்ந்தால் முகப்பவுடர், அதுவும் இல்லையென்றால் சாக்பீஸ் தூள் என்று புகுந்து விளையாடுகிறோம். பவுடரின் வேலை பரப்பை உலர்வாக, சீராக வைத்திருப்பது. சாக்பீஸ் தூளோ நைஸான மணல் மாதிரி, பாலிஷைத் தேய்த்துவிடும். ஒரு இடத்தில் குவியலாகக் கொட்டினால் அங்கே மட்டும் காய் வழுக்கும், அடுத்த அரை அடியில் பிரேக் போட்டு நிற்கும்.

அடிச்சுத் தூக்கு!

'இருந்துட்டுப் போகட்டுமே, ரெண்டு பேரும் அதே போர்டில்தானே ஆடறாங்க? ரெண்டு பேருக்கும் சமம்தானே?' நியாயமான கேள்வி. ஆனால் சமம் இல்லை.

சாய்வின் திருவிளையாடல் நேரத்தைப் பொறுத்தது. காய் எவ்வளவு நேரம் ஓடுகிறதோ அவ்வளவு விலகும். வேகமாக அடித்தால் விலக நேரமே கிடையாது, மெதுவாகத் தட்டினால் மொத்தமாக மாட்டிக்கொள்ளும். அதனால் கோணல் போர்டு யாருக்கு சாதகம்? கண்ணை மூடிக்கொண்டு 'டமால்' என்று அடிக்கிறவனுக்கு. யாருக்குப் பாதகம்? தன் காயைப் போட்டுக்கொண்டே அடுத்த ஷாட்டுக்கு ஸ்ட்ரைக்கர் எங்கே நிற்கணும், ரெட்டுக்கு ஃபாலோ எது என்றெல்லாம் யோசித்து மென்மையாக ஆடுகிறவருக்கு. நிஜமான கேரம் அந்த ரெண்டாவது ஆட்டம்தான்.

மோசமான போர்டில் வருஷக்கணக்கில் ஆடுகிற நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்? 'மெதுவா அடிக்காதே, ஏமாத்திடும்.' அதுவே பழகிப்போகிறது. அப்புறம் காலேஜுகளுக்கு இடையிலான போட்டிக்குப் போய், நல்ல வெளிச்சத்துக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஒரு போர்டின் முன்னால் உட்காருவோம். அதே பலத்தில் அடித்தால் காய் குழியில் மோதித் திரும்பி நடு போர்டுக்கே வரும், பின்னாடியே ஸ்ட்ரைக்கர் குழிக்குள் இறங்கி ஃபைன் கட்ட வைக்கும். முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி, 'அவங்கள்லாம் புரொஃபஷனல்ஸ்டா' என்று சமாதானம் சொல்வோம். கெட்ட போர்டு ஒரு மேட்சைக் கெடுப்பதோடு விடுவதில்லை, ஆளையே வேற ஆட்டத்துக்குப் பழக்கிவிடுகிறது.

எங்க ஊரு... எங்க போர்டு!

இன்னொரு கூத்தும் உண்டு. ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு ஜாதகம் இருக்கும். 'அந்த மூலை இழுக்கும்', 'இந்தக் குழி வாங்காது, கக்கிடும்', 'பேஸ்லைன் பக்கம் பள்ளம்' என்பதெல்லாம் அந்தப் போர்டோடு வாழ்கிறவர்களுக்கு அத்துப்படி. டோர்னமென்ட்டுக்கு வெளியிலிருந்து வருகிறவர் இதைக் கண்டுபிடிப்பதற்குள் மேட்ச் முடிந்துவிடும். ஜெயித்தது திறமையா, லோக்கல் ஜெனரல் நாலெட்ஜா?

மேஜையை வைத்து நடக்கும் உள்ளூர் ஆட்டம் எதற்கும் இந்தத் தலைவலி உண்டு. இங்கிலாந்தின் தென்பகுதி பப்களில் 1930-களிலிருந்து ஆடப்படும் பார் பில்லியர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் குழி கிடையாது. மேஜைப் பரப்பிலேயே ஓட்டைகள், அவற்றுக்கு முன்னால் காளான் மாதிரி சின்னச் சின்னக் குச்சிகள். கறுப்புக் குச்சியைச் சாய்த்துவிட்டால் அதுவரை எடுத்த மொத்த ஸ்கோரும் கோவிந்தா! லீக் மேட்ச் என்றால் ஒரு பப் டீம் இன்னொரு பப்புக்குப் போய் அங்கிருக்கிற மேஜையில் ஆடணும். துணி தேய்ந்து, மேஜை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், பந்து எந்தப் பக்கம் உருளும் என்று உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். நம்ம மன்றத்துக் கதைதான், அங்கே கையில் நீளக் குச்சி, அவ்வளவுதான் வித்தியாசம்.

இது நம்ம கேம் பாஸ்!

சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டதே நம்ம சென்னையில்தான். சென்னைக்காரர் மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன். 1996-க்கான அர்ஜுனா விருதைப் பெற்ற அவர்தான் அந்த விருதை வாங்கிய முதல் கேரம் வீரர். வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலக சாம்பியன் ஆனார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான வடசென்னை காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளி வந்தார். 2018-ல் வந்த 'வடசென்னை' படத்தில் தனுஷ் கேரம் ஆடுவது சும்மா பில்டப் இல்லை. அந்த ஏரியாவின் நிஜ விளையாட்டே அதுதான்.

ஏ.சி. கிளப்பும் கோட் சூட்டும் கேட்காத ஆட்டம் இது. சின்ன ரூம், ஒரு பல்பு, சரியான போர்டு போதும். 'சரியான' என்கிற வார்த்தைக்கு மட்டும் அண்டர்லைன் பண்ணிக்கோங்க.

பசங்க ஆடித் தேய்த்த போர்டு, கேர்ள்ஸ் ஹாஸ்டலுக்கு 'பிரமோஷன்' ஆகிற வழக்கமும் சில இடங்களில் உண்டு. மேலே சொன்ன மூணு பேரில் ரெண்டு பேர் பெண்கள் என்பதை அந்த ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரிகள் ஒரு தடவை நினைத்துப் பார்க்கட்டும்.

அஞ்சே நிமிஷ டெஸ்ட்!

* செல்போனில் லெவல் பார்க்கும் ஆப் இருக்கும். போனைப் போர்டின் நடுவிலும் நாலு மூலையிலும் வையுங்கள். சாய்வு தெரிந்தால் ஸ்டாண்டின் காலைச் சரி பண்ணுங்கள். பேப்பர் முட்டு வேண்டாம், அழுத்த அழுத்த அமுங்கிவிடும். மரத்துண்டு பெட்டர்.

* நீளமான ஸ்டீல் ஸ்கேலை விளிம்பில் நிறுத்திப் பலகை மேல் குறுக்காக வையுங்கள். அடியில் வெளிச்சம் எட்டிப் பார்த்தால் அங்கே பள்ளம். ரொம்ப வளைந்திருந்தால் ஒரு கார்பென்டரைக் கூப்பிட்டு அடியில் குறுக்குச் சட்டம் அடிக்கச் சொல்லுங்கள்.

* மூன்றரை ரீபவுண்ட் டெஸ்ட். ஃபெயிலானால் முதலில் ஃபிரேம் ஸ்க்ரூவை டைட் பண்ணுங்கள். பிறகு காட்டன் துணியால் பழைய பவுடரைத் துடைத்துவிட்டு, புதுசாகக் கொஞ்சமே கொஞ்சம் தூவுங்கள். ஈரத் துணி கூடவே கூடாது.

* காய்களை கெமிஸ்ட்ரி லேப் தராசில் வையுங்கள். 5 முதல் 5.5 கிராமுக்குள் வராத காய்க்கு டி.சி. கொடுத்து அனுப்புங்கள். நெயில் பாலிஷ் ராணிக்கும் சேர்த்துத்தான்!

* ஆடி முடித்ததும் சுவரில் சாய்க்காதீர்கள். ஸ்டாண்டிலேயே படுக்கையாக விட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள். போர்டு, டீ டேபிள் இல்லை.

இதுக்கெல்லாம் ஆகிற செலவு, கல்ச்சுரல்ஸுக்கு வைக்கிற ஒரு ஃப்ளெக்ஸ் பேனரைவிடக் கம்மியாகத்தான் இருக்கும். அப்படியும் தேறாத போர்டு என்றால், அளந்த கணக்கை ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு பி.டி. சாரிடம் போங்கள். 'போர்டு சரியில்லை சார்' என்றால் பழமொழிதான் பதிலாக வரும். 'நடுவுல நாலு மில்லி பள்ளம் சார், ரீபவுண்ட் ரெண்டுதான் வருது' என்று சொல்லிப் பாருங்கள். நம்பருக்கு முன்னால் பழமொழி நிற்காது.

எல்லாம் சரி பண்ணின பிறகும் காய் விழவில்லையா? அப்போ சந்தேகமே இல்லாமல் தப்பு நம்ம விரலில்தான். அதையும் தெரிந்துகொள்ளத்தான் பாஸ் கூடத்தை முதலில் நிமிர்த்தணும்!