ஆட்ட மெட்டில் நற்செய்தி
வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864)

குமரி மாவட்டத்தின் புதுக்கடை வட்டாரத்து சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பாடப்படும் கீர்த்தனைகளில் பல வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றியவை. பாளையங்கோட்டையில் பிறந்த அவரைச் சிறுவயதிலேயே ஸ்வார்ட்ஸ் பாதிரியார் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி அவருடைய இளமைத் தோழர்.

சாஸ்திரியார் கையில் எடுத்த குறவஞ்சி, அன்று கோயிலிலும் அரசவையிலும் ஆடப்பட்ட இசை நாடகம். பவனி வரும் தலைவன்மேல் தலைவி காதல் கொள்வாள். குறத்தி வந்து குறி சொல்வாள். சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி'யில் தலைவன் கிறிஸ்து, தலைவி தேவமோகினி. சிந்தும் தாளமும் அப்படியே இருந்தன. கோப்பர்னிக்கஸின் வானியலையும் அதற்குள் பாடினார்.

மின்னணு இசையோடு இன்றைய கிறிஸ்தவ டிஜேக்கள் செய்வதும் இதுதான்: ஊர் ஆடும் மெட்டில் இறைவனைப் பாடுவது. தமிழ்க் கிறிஸ்தவத்தில் அந்த வழக்கத்துக்குச் சுமார் இருநூறு ஆண்டு வயது.