கட்டணம் இல்லாத சட்டங்கள்: யாரும் எடுக்காத வழக்குகளும் அவற்றை எடுத்தவர்களும்
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

காஞ்சிபுரத்தில் நின்று சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர் வரதராசப் பெருமாள் கோயிலைத் தாண்டிப் போக முடியாது. அங்கே வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையிலான வழக்கு தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. பெருமாள் முன்னால் யார் பாடுவது, எந்த வாழ்த்தை முதலில் சொல்வது, அத்தியாபக மிராசு யாருக்கு என்பவையே கேள்விகள். 19ஆம் நூற்றாண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் வரை போன இந்த வழக்கு 2022இலும் அதே நீதிமன்றத்தில் பேசப்பட்டது. பழைய தீர்ப்பாணைகள், கோயில் கணக்குகள், சாட்சியங்கள் அனைத்தையும் மனப்பாடமாக அறிந்த வழக்குரைஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதற்குக் கிடைத்து வந்திருக்கிறார்கள். அது ஒரு தனிச் சட்டத் துறையாகவே வளர்ந்துவிட்டது.

இதே செங்கல்பட்டு மாவட்டத்தில், இதே காலத்தில் இன்னொரு சட்டமும் பிறந்தது. மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், 1891 அக்டோபரில் இங்குள்ள பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மையும் அடிமைக் கூலி முறையும் அதில் பதிவாயின. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010ஆம் எண் அரசாணை வந்தது. நாம் இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது அதிலிருந்து தொடங்குகிறது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் தரப்பட்டதாக நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. நாமம் யாருடையது என்ற கேள்விக்கு வழக்குரைஞர் பரம்பரையே உருவானது. அந்த நிலம் எங்கே போனது என்ற கேள்விக்கு அப்படி ஒரு பரம்பரை உருவாகவில்லை.

ஒரு சட்டம் புத்தகத்தில் இருப்பதால் மட்டும் உயிரோடு இருப்பதில்லை. அதைத் தொழிலாகக் கற்றவர்கள் இருந்தால்தான் அது நடக்கும். கட்டணம் தரும் கட்சிக்காரர் இருக்கும் இடத்தில் அந்தத் தொழில் தானாக வளரும். கட்டணம் தர முடியாதவர்களின் சட்டத்துக்கோ வேறு வழியாக வந்த ஆள் தேவைப்படுகிறார். அப்படி வந்தவர்களைப் பற்றியும், இன்னும் ஆள் வராத இடங்களைப் பற்றியும் பேசுவதே இந்த உரையின் நோக்கம்.

பொருளாதாரத்தில் இருந்து வந்த வழக்குரைஞர்

அண்ணல் அம்பேத்கரை நாம் அரசமைப்புச் சட்டத்தின் வழியாகவே நினைக்கிறோம். தினமும் நீதிமன்றம் போய்வந்த வழக்குரைஞராக அவரை அதிகம் பேசுவதில்லை. அவருடைய முதல் படிப்பு பொருளாதாரம். கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்றவர். கிரேஸ் இன்னில் 1922இல் பாரிஸ்டர் ஆகி, 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். வழக்குகளைப் பிரித்துத் தரும் சொலிசிட்டர்கள் தீண்டப்படாத ஒருவரிடம் எளிதில் வரவில்லை. வருமானத்துக்காகக் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். பிறகு பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பகுதி நேரப் பேராசிரியராகி, 1935இல் முதல்வரும் ஆனார்.

மகாட் போராட்டம் நமக்குத் தெரியும். 1927 மார்ச் 20 அன்று சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியது வரலாறு. அதற்குப் பின்னால் வந்த வழக்கு அவ்வளவாகத் தெரியாது. சாதி இந்துக்கள் தொடுத்த உரிமையியல் வழக்கில் அம்பேத்கரே பிரதிவாதி. அந்த டிசம்பரில் இடைக்காலத் தடையாணை வந்தது. வழக்கு கீழ் நீதிமன்றத்தில் தொடங்கி, மேல்முறையீடுகளைக் கடந்து, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில்தான் முடிந்தது. ஒரு மடக்குத் தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்.

அந்த வழக்கு வென்ற விதத்தைச் சட்ட மாணவர்கள் கவனிக்க வேண்டும். தீண்டாமை அநீதி என்று சொல்லி நீதிமன்றம் தீர்ப்பளிக்கவில்லை. குளம் நகராட்சியின் பொறுப்பில் உள்ளது, நம் மக்களை விலக்கி வைத்தது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பதை வாதிகள் நிரூபிக்கவில்லை என்ற இரண்டு புள்ளிகளில் தீர்ப்பு நின்றது. மைதானத்தில் மனித உரிமையைப் பேசிய அதே தலைவர், நீதிமன்றத்தில் நிலம் யாருடையது, வழக்கம் எந்தக் காலத்தது, அதற்குச் சான்று எங்கே என்று கேட்டார். நமது சட்டப் போராட்டத்தின் முதல் பாடம் இதுதான். ஆவேசம் நம்மை நீதிமன்ற வாசல் வரை கொண்டுபோகும். உள்ளே பேசுவது ஆவணம்.

நில ஆவணம் என்னும் தனித் துறை

மீண்டும் நம் மாவட்டத்துக்கு வருவோம். காரணைப் பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம். அவர்கள் கேட்ட நிலத்தைச் சட்டப்படி எப்படி மீட்பது என்பதைக் கற்பதும் அஞ்சலியின் பகுதிதான்.

பஞ்சமி நிலம் நிபந்தனையோடு தரப்பட்டது. முதல் பத்து ஆண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகு கைமாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கொடுக்க வேண்டும். மீறினால் அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுக்கலாம். நிலத்தை வாங்கியவர் தரப்பு வழக்கமாக ஒரு வாதம் வைக்கும். ஒருவர் தன் சொத்தை விற்பதை முழுவதுமாகத் தடுக்கும் நிபந்தனை சொத்து மாற்றுச் சட்டத்தின்படி செல்லாது என்பார்கள். கேட்டதும் நம் ஆட்கள் சோர்ந்துவிடுவார்கள். இதற்கான பதில், இப்போது நீக்கப்பட்டுவிட்ட 1895ஆம் ஆண்டின் அரசு மானியங்கள் சட்டத்தில் இருந்தது. அரசு வழங்கிய நிலத்துக்குச் சொத்து மாற்றுச் சட்டம் பொருந்தாது, வழங்கியபோது விதித்த நிபந்தனையே செல்லும் என்று அது சொன்னது. சில பிரிவுகளே கொண்ட சிறிய சட்டம். அதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பேச்சே மாறிவிடும்.

சட்டத்தைவிடக் கடினமானது ஆவணம் தேடுவது. ஒரே நிலத்துக்குப் பல எண்கள் இருக்கும். பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டில் ஓர் எண், மறு அளவைக்குப் பின் வேறோர் எண், உட்பிரிவு செய்தபின் இன்னோர் எண். நம்மிடம் இருக்கும் பழைய தாளில் உள்ள எண்ணை இன்றைய பட்டாவில் உள்ள எண்ணோடு பொருத்திக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். பழைய ‘அ’ பதிவேட்டில் ‘டி.சி. நிலம்’ என்றோ ‘நிபந்தனைக்கு உட்பட்டது’ என்றோ குறிப்பு இருக்கும். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் யூ.டி.ஆர். என்று சொல்வதில், அந்தக் குறிப்பு விடுபட்டிருந்தால் நிலம் சாதாரணப் பட்டா நிலமாகத் தோன்றும். இன்றைய கணினிச் சிட்டாவை மட்டும் பார்க்கிறவருக்கு அங்கே ஒரு குற்றம் நடந்ததே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க வழக்குரைஞர் பாதி நில அளவையராகவும் பாதி வரலாற்று மாணவராகவும் இருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகப் பதிவறை, சார்பதிவாளர் அலுவலக வில்லங்கச் சான்று, ஆவணக் காப்பகம் மூன்றையும் சுற்ற வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்த வேலையைக் கொஞ்சம் எளிதாக்கியது. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலரோ நில அளவையரோ நம் பக்கம் இருந்தால், பெரிய வழக்குரைஞரின் உதவிக்குச் சமம்.

பாதிக்கப்பட்டவரின் வழக்குரைஞர்

இரண்டாவது துறை வன்கொடுமை வழக்குகள். குற்ற வழக்கை அரசுத் தரப்பு நடத்தும், பாதிக்கப்பட்டவர் சாட்சி மட்டுமே என்பது பொதுப் பழக்கம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அந்தப் பழக்கத்தை உடைக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த 15ஏ பிரிவின்படி, பிணை மனு உட்பட எந்த விசாரணை குறித்தும் பாதிக்கப்பட்டவருக்கு முன்தகவல் தர வேண்டும், அவர் தரப்பைக் கேட்க வேண்டும். 1995ஆம் ஆண்டு விதிகளின் 4(5)இன்படி, பாதிக்கப்பட்டோர் விரும்பினால் மூத்த வழக்குரைஞர் ஒருவரை மாவட்ட ஆட்சியர் சிறப்பு வழக்குரைஞராக அமர்த்தலாம்.

இந்த விதியின் மதிப்பைக் கோகுல்ராஜ் வழக்கு காட்டியது. 2015இல் கொல்லப்பட்ட அந்த இளைஞரின் தாய் விடாமல் போராடினார். பவானியைச் சேர்ந்த வழக்குரைஞர் ப.பா. மோகன் சிறப்பு வழக்குரைஞராக வந்தார். விசாரணை நாமக்கல்லில் இருந்து மதுரைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறியது. 2022 மார்ச்சில் தண்டனைத் தீர்ப்பு வந்தது.

அதற்கு முன்பே இந்தப் பாதையை வெட்டியவர் வழக்குரைஞர் பொ. இரத்தினம். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் தோழர்களும் கொல்லப்பட்ட வழக்கு, மதுரையிலிருந்து சேலத்துக்கு மாற்றப்பட்டது. 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2003இல் விருத்தாசலம் பகுதியில் நடந்த கண்ணகி–முருகேசன் கொலை வழக்கில் 2021இல்தான் கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் காவல் அதிகாரிகளும் தண்டிக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பத்தின் பக்கம் இத்தனை ஆண்டுகளும் நின்றவரும் இரத்தினம்தான். எந்த ஊரில் விசாரணை நடக்கிறது என்பதே சாட்சியின் உயிரைத் தீர்மானிக்கும் என்பது இந்த வழக்குகளின் அனுபவம்.

ஆந்திரத்தில் பொஜ்ஜா தாரகம் கவிஞராகவும் எழுத்தாளராகவும் இருந்தவர். 1985இல் காரம்சேடு படுகொலை நடந்தபோது உயர் நீதிமன்ற அரசு வழக்குரைஞர் பதவியை விட்டு வெளியேறினார். பின்னர் சுண்டூர் வழக்கிலும் உழைத்தார். அங்கே 1991இல் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். மக்கள் போராடி, சிறப்பு நீதிமன்றத்தைக் கிராமத்துக்கே கொண்டுவந்தார்கள். 2007இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2014இல் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லி உங்களை இந்தத் தொழிலுக்கு அழைக்க நான் விரும்பவில்லை. அதனால்தான் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நீதியரசர் கே. சந்துருவின் பாதையும் மாணவர் இயக்கத்தில் தொடங்கியது. 1993இல் காவல் சித்திரவதையில் இராசாக்கண்ணு கொல்லப்பட்ட வழக்கை அவர் வழக்குரைஞராக இருந்தபோது ஆட்கொணர்வு மனு வழியாக எடுத்தார். ‘ஜெய்பீம்’ படம் அந்த வழக்கை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. படம் பார்த்து எத்தனையோ பிள்ளைகள் சட்டம் படிக்க வந்திருப்பார்கள். அவர்கள் எந்த வழக்கை எடுக்கப்போகிறார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி.

நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு சட்டம்

மூன்றாவது துறை கொத்தடிமை மீட்பு. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களின் மரம் வெட்டும் இடங்களில் இருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைப்பது அதன்படி குற்றம், அந்தக் கடனும் செல்லாது. இந்தச் சட்டம் முதலில் செயல்படும் இடம் கோட்டாட்சியர் அலுவலகம். விடுதலைச் சான்று அங்கேதான் கிடைக்கும். அந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் மறுவாழ்வுத் தொகை கிடைக்காது, பழைய முதலாளி கடன் கேட்டு மறுபடி வந்து நிற்பார். வழக்கு எண் இல்லாத, கட்டணம் இல்லாத வேலை என்பதால் வழக்குரைஞர்கள் அந்தப் பக்கம் குறைவாகவே போகிறார்கள்.

என்ன செய்யலாம்

சட்டம் முடித்த நம் பிள்ளைகளுக்கு வீட்டில் நெருக்கடி இருக்கிறது. கடன் வாங்கிப் படிக்க வைத்த பெற்றோர் மாத வருமானத்தை எதிர்பார்ப்பது நியாயம். எல்லோரும் கட்டணம் வாங்காமல் வாதாட வேண்டும் என்று மேடையில் இருந்து சொல்வது எளிது, அது நியாயமும் இல்லை. ஒரு தனி மனிதரின் தியாகத்தை நம்பி ஒரு சட்டத் துறை நிற்கக் கூடாது. இரத்தினங்களும் தாரகங்களும் ஒரு தலைமுறைக்கு ஒருவர் இருவர்தான் வருவார்கள்.

ஆகவே சுமையைப் பிரித்துக்கொள்வோம். வட்டத்துக்கு ஒரு குழு போதும். அதில் ஒரு வழக்குரைஞர், வருவாய்த் துறை ஆவணம் படிக்கத் தெரிந்த ஒருவர், ஊர் ஊராகப் போகும் களப்பணியாளர் ஒருவர், சமூகவியலோ வரலாறோ படிக்கும் மாணவர் இருவர் இருக்கட்டும். வழக்குரைஞர் தன் பிழைப்புக்கு வேறு வழக்குகள் நடத்தட்டும். ஆவணம் தேடும் வேலையை மற்றவர்கள் செய்யட்டும். நகல் கட்டணமும் பயணச் செலவும் அமைப்புகளின் பொது நிதியில் இருந்து போகட்டும்.

நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் வழக்குரைஞர் இல்லை. பத்திரிகை நடத்தியவர், தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம்தான் பொதுச் சாலையும் கிணறும் நமக்கும் உரியவை என்று அரசைச் சொல்ல வைத்தது. சட்டம் செய்யவும் சட்டத்தை நடத்தவும் கறுப்பு அங்கி மட்டுமே தகுதி என்று அவர் காத்திருக்கவில்லை.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் ஊரின் பழைய ‘அ’ பதிவேட்டுக்குத் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். நகல் வந்ததும் ‘டி.சி.’ என்று குறித்த எண்களைத் தனித்தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இன்றைய எண் என்ன, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளோடு நீங்கள் வரும் நாளில், எந்த வழக்குரைஞரிடம் போவது என்று சேர்ந்து பேசுவோம்.