விதியும் நிகழ்ச்சியும்: கல்லடிப் பாலத்தை முன்வைத்து

நேர், நிரை என்னும் இரண்டு அசைகளே உண்டெனக் கூறி, ஈரசைச் சீர் எத்தனை என வினவினால் மாணவர் நான்கு என்பர். மூவசைச் சீர் 8. நாலசைச் சீர் 16. இவற்றைப் பாடிப் பார்த்துக் கண்டெடுக்க வேண்டுவதில்லை. விதியே பெற்றுத் தருகின்றது. இக்கணக்கினால் யாது பயன் என வகுப்பில் முணுமுணுப்போர் உளர். அன்னோர்க்கும் இக்கட்டுரை உரியது.

கணினி அறிஞரும் இவ்வழியையே கைக்கொள்கின்றனர். ஒரு பொறி எவ்வாறு இயங்கலாம், எவ்வாறு இயங்கலாகாது என்பதை ஐயத்துக்கிடமின்றி விதிகளாக எழுதிக் கொடுப்பர். அவ்விதிகளுக்குள் நிகழத்தக்க நிகழ்ச்சித் தொடர்களைக் கணினி தானே விரித்துக் காட்டும்.

நம் வாவியின் மேலுள்ள பழைய கல்லடிப் பாலத்தையே கொள்வோம். 2013இல் புதிய பாலம் திறக்கப்படும்வரை, ஒடுங்கிய அப்பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் செல்ல, மறுபக்கத்தது காத்து நிற்கும். பேருந்தில் பள்ளிக்கு வந்த நாள்களில் யானும் அங்கு காத்திருந்தவனே. விதி ஒன்றுதான்: இரு பக்கத்தாரும் ஒருங்கே பாலத்தில் இருத்தலாகாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நிலை மூன்று: வருவார் இல்லை, காத்திருக்கின்றனர், பாலத்தில் உள்ளனர். மும்மூன்று ஒன்பது; விதி விலக்குவது ஒன்று; எஞ்சியவை எட்டு. இவ்வெட்டும் ஒன்று மற்றொன்றாக மாறும் வழிகளைக் கணினி ஒரு கிளையும் விடாது தொடர்கின்றது.

அங்ஙனம் தொடர்கையில், பட்டினப் பக்கத்து வாகனங்கள் இடையறாது வர, கல்லடிப் பக்கத்தார் என்றென்றும் காத்து நிற்கும் தொடரொன்று வெளிப்படும். விதி எங்கும் மீறப்படவில்லை! காத்து நிற்பது பிரசவத்துக்கு விரையும் வண்டியாயின்? மற்றொரு தொடரில், பிறர் முந்தட்டும் என இருவரும் நிற்க, பாலம் வெறிதே கிடக்கும். விதி எழுதியவர் தீங்கு நினைத்தாரல்லர். இவற்றை நினையாது விட்டார். மனிதர் தாம் எதிர்பார்த்தவற்றையே பெரும்பாலும் சோதிப்பர். பொறிக்கோ எதிர்பார்ப்பு என்பதே இல்லை.

ஆகவே, காத்திருப்பவர்க்கு என்றேனும் முறை வந்தே தீரவேண்டும் என்னும் இரண்டாம் விதி வேண்டப்படுகின்றது. ‘என்றும்’, ‘என்றேனும்’ போன்ற காலக் கருத்துகளைத் தருக்கக் குறிகளாக்கிக் கணினி நிரல்களை ஆராய 1977இல் வழிகாட்டியவர் அமீர் புனுவேலி. கிளார்க், எமர்சன், சிஃபாகிஸ் ஆகிய மூவரும் இத்தேடலைப் பொறியே செய்யும் முறையை வளர்த்தமைக்காக 2007ஆம் ஆண்டின் டூரிங் பரிசைப் பெற்றனர். குறையுளதாயின், அக்குறை நேரும் நிகழ்ச்சித் தொடரையே முதலிலிருந்து முடிவுவரை எடுத்துக் காட்டுவது இம்முறையின் சிறப்பு.

இடரும் உண்டு. மூன்று நிலையுடைய பொருள்கள் பத்துச் சேர்ந்தால் நிலைகள் 59,049; இருபதாயின் 348 கோடிக்கும் மேல். ஆதலின் ஒத்த நிலைகளை ஒன்றாகக் கொண்டு தேடலைச் சுருக்கும் வழிகளை அறிஞர் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.