வயலில் பயிற்சி, சாலையில் குற்றம்

புதுதில்லி: ஹரியாணாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் அறுவடை முடிந்த கோதுமை வயல்கள்தாம் வாகனப் பயிற்சிப் பள்ளிகள். டிராக்டரின் மட்கார்டில் அமர்ந்து தந்தை ஓட்டுவதைப் பார்த்தே வளரும் சிறுவன், பதின்மூன்று, பதினான்கு வயதில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். கற்றுத் தருபவர் தந்தை அல்லது சித்தப்பா. அவர்களும் அப்படிக் கற்றவர்களே.

இதில் சட்டமீறல் ஏதும் இல்லை. உரிமம் இன்றி வாகனம் ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடை செய்வது பொது இடங்களில் மட்டுமே. சொந்த வயல் பொது இடமாகாது. அதே டிராக்டர் வரப்பைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறியதும் அது குற்றமாகிவிடுகிறது. கரும்பு ஏற்றிய டிராலியுடன் சர்க்கரை ஆலைக்குச் செல்லும் பருவத்தில், வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது, இந்த எல்லைக்கோட்டை யாரும் பார்ப்பதில்லை.

குற்றத்துக்கான விலையை 2019-இல் நாடாளுமன்றம் பன்மடங்கு உயர்த்தியது. புதிதாகச் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, 18 வயது நிரம்பாதவர் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ரூ.25 ஆயிரம் அபராதம். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதைப் பெற்றோர்தாம் நிரூபிக்க வேண்டும். கடனில் வாங்கிய டிராக்டர் ஓராண்டு முடங்கினால் ஒரு விவசாயக் குடும்பம் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மசோதா மீதான விவாதத்தில் பெரிதும் பேசப்பட்டவையோ மாநில உரிமைகளும் அபராத உயர்வும்தான். பின்னர் குஜராத் உள்ளிட்ட சில மாநிலங்கள் சில அபராதங்களைக் குறைத்தன.

2024 மே மாதம் புணேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் சொகுசு கார் மோதி இருவர் இறந்து, சிறுவனின் தந்தையும் கைதானபோதுதான் சிறார் வாகனம் ஓட்டுவது நாடெங்கும் விவாதமானது. அந்தக் காரும் கரும்பு டிராக்டரும் ஒரே பிரிவின்கீழ் வருகின்றன என்பது விசித்திரமே.

சட்டம் இளைஞர்களுக்குக் கதவை முற்றிலும் அடைத்துவிடவில்லை. 16 வயது நிரம்பியவர், பெற்றோர் ஒப்புதலுடன், 50 சிசிக்கு மிகாத கியர் இல்லாத இரு சக்கர வாகனத்துக்கு உரிமம் பெறலாம். லூனாவும் ஓசூரில் தயாரான டிவிஎஸ் 50-யும் ஓடிய காலத்துக்குப் பொருந்திய விதி இது. இன்று முன்னணி நிறுவனங்களின் பெட்ரோல் மொபெட்டே 100 சிசியை ஒட்டியது. சட்டம் அனுமதிக்கும் வண்டி கடையில் இல்லை. கடையில் உள்ள வண்டியைச் சட்டம் அனுமதிப்பதில்லை. மறுபுறம், 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் கொண்ட மின்சார ஸ்கூட்டர் சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்ல. அதற்கு உரிமம் வேண்டாம். எனவே, அதை ஓட்டும் சிறுவனுக்குச் சாலை விதிகளைச் சொல்லித் தரும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

சாலையும் மாறிவிட்டது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் மண்பாதைகளைத் தார்ச்சாலைகளாக்கியது. பொதுவாக 3.75 மீட்டர் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒன்று மண்ணில் இறங்கியாக வேண்டும். பின்விளக்கு இல்லாத டிராலி, குறுக்கே வரும் எருமை, மூடுபனி ஆகியவற்றை வயலில் கற்க முடியாது. எல்லாவற்றையும்விட ஆபத்தானது, கிராமச் சாலை தேசிய நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடம். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மேல் கிராமப்புறங்களில் இறந்தவர்கள்.

பயிற்சிக்கு வழியே இல்லை என்றும் கூறிவிட முடியாது. 2021 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் இலகு ரக வாகனப் பயிற்சி 29 மணி நேரம். அதில் 21 மணி நேரம் செய்முறை. கிராமச் சாலையில் ஓட்டுவதும் பாடத்திட்டத்தில் உண்டு. தேர்ச்சி பெற்றால் போக்குவரத்து அலுவலகத்தில் தனியே ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால், சமவெளியில் மையம் அமைக்க 2 ஏக்கர் நிலம் வேண்டும். இலகு ரக வாகன உரிமத்துக்கு 18 வயது நிரம்பவும் வேண்டும். அந்த வயதில் முதல் வகுப்புக்கு வரும் விவசாயி மகன், டிராக்டரைச் சாலையில் ஓட்டத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும்.