எட்டாவது பிட் எங்கே போனது?

நான் இன்னமும் நண்பர்களுக்கு ‘நாளைக்கு கிளாஸ் இருக்கா?’ என்று தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டி அனுப்புவேன். அதைப் பார்த்த என் மாமா, “நாங்க அப்படித் தட்டினதுக்குக் காரணம் இருந்துச்சு. உனக்கு என்ன காரணம்?” என்று கேட்டார்.

மாமா கோல சிலாங்கூர் அருகே ஒரு தோட்டத்தில் வளர்ந்து, 1990களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் சென்றவர். விடுமுறையில் பட்டணத்து நண்பர் வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் மோடத்தைச் செருகி, பல்கலைக்கழகக் கணினியோடு பேசுவாராம். அதற்கு உதவிய மென்பொருள் ‘கெர்மிட்’. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் உருவானது. மப்பெட் பொம்மைத் தவளையின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். மாமா பழைய பிளாப்பிகள் இரண்டைக் காட்டினார். ஒன்றில் 2, இன்னொன்றில் 3 என்று எழுதியிருந்தது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

கெர்மிட் ஒரு கோப்பைச் சிறு பொட்டலங்களாக வெட்டி அனுப்பும். தொடக்க கால முறையில் ஒரு பொட்டலத்தை அனுப்பி, ‘கிடைத்தது’ என்ற பதில் வந்த பிறகே அடுத்தது கிளம்பும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2400 பிட் மோடம் நொடிக்கு 240 எழுத்துகளை அனுப்பும். 94 எழுத்துப் பொட்டலத்துக்கு 0.4 நொடி போதும். ஆனால் இடையில் செயற்கைக்கோள் இருந்தால், பதில் வர இன்னும் அரை நொடி ஆகும். பாதிக்கும் மேற்பட்ட நேரம் கம்பி சும்மாவே கிடக்கும்!

1990இல் வந்த 3.0 பதிப்பு இதைத் தீர்த்தது. பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்த பொட்டலங்களை அனுப்பிக்கொண்டே இருக்கலாம். கெர்மிட் விதிப்படி 31 பொட்டலங்கள் வரை இப்படிப் போகலாம். கெட்டுப்போன பொட்டலத்தை மட்டும் மீண்டும் அனுப்பினால் போதும்.

சரி, தமிழ்? என் மடிக்கணினியில் ‘டாஸ்பாக்ஸ்’ மூலம் இரண்டு பழைய கணினிகளைப் போல அமைத்து இணைத்தேன். ‘டிஸ்கி’ குறியீட்டில் எழுதிய தமிழ்க் கோப்பு ஒன்றை, ஏழு பிட் மட்டும் செல்லும் இணைப்பில் அப்படியே ஓடவிட்டேன். திரையில் ‘அ’ வர வேண்டிய இடத்தில் ‘+’ வந்தது; ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் ‘8’ நின்றது. டிஸ்கியில் ‘அ’வின் எண் 171. எட்டாவது பிட் அறுந்தால் 128 குறைந்து 43 ஆகிவிடும். அது கூட்டல் குறியின் எண்!

அதே கோப்பை கெர்மிட் பொட்டலமாக அனுப்பியபோது தமிழ் சேதமின்றி வந்தது. எட்டாவது பிட் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ‘&’ குறியைச் சேர்த்துக் காப்பாற்றுகிறது கெர்மிட். ஆனால் ஓர் எழுத்துக்கு இரண்டு எழுத்தின் நேரம் ஆகும். 3.0 பதிப்பில் ஐரோப்பிய மொழி எழுத்துகளுக்குத் தனி வசதியே சேர்ந்தது. தமிழுக்கு இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி பயன்படுத்தும் தமிழ்க் குறியீடே அப்போது இருக்கவில்லை.

அந்தக் குறையை யாரோ வந்து தீர்க்கட்டும் என்று தமிழர்கள் காத்திருக்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து டிஸ்கியை உருவாக்கினார்கள். ‘முரசு அஞ்சல்’ தந்த நம் மலேசியாவின் முத்து நெடுமாறனும் அவர்களில் ஒருவர். பிறகு யூனிகோடு பரவியது. இன்று அந்த முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டாகப் போகிறது. மூன்றிலும் எட்டாவது பிட் உண்டு. நம் கைப்பேசி அதில் ஒன்றையும் தொலைப்பதில்லை.

மாமா காலத்தில் கம்பி தமிழைத் தடுத்தது. இன்று என்னைத் தடுப்பது பழக்கம் மட்டும்தான். படிவம் ஐந்து முடித்த தம்பி தங்கைகளே, உங்கள் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை இன்றே சேர்த்துப் பாருங்கள். நானும் சேர்த்துவிட்டேன். தட்ட இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் முதல் செய்தி மாமாவுக்குத்தான் போனது. “எட்டாவது பிட் வந்து சேர்ந்துச்சா மாமா?” என்று கேட்டேன்.

“முழுசா வந்துச்சு” என்று பதில் வந்தது, தமிழில்.