கிரெடிட் கார்டு: நாம் ஏன் கேட்டு வாங்குகிறோம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "சார், நெட்டில் பொருள் வாங்க கிரெடிட் கார்டு அவசியமா?" அவசியம் இல்லை என்பதுதான் பதில். டெபிட் கார்டு, நெட் பேங்கிங், யூபிஐ என்று பல வழிகள் இருக்கின்றன. ஆனாலும் கிரெடிட் கார்டு கேட்பவர்கள் குறையவில்லை. இந்தியாவில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024-ம் ஆண்டின் தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. அப்படி என்னதான் இருக்கிறது இந்த பிளாஸ்டிக் அட்டையில்? என் சொந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கடையில் நடந்தது

2018-ம் ஆண்டு. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்க 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தேன். கடையில் 28,500 ரூபாய்க்கு என் தேவைக்குப் போதுமான ஒரு டெஸ்க்டாப் இருந்தது. பில் போடச் சொல்லும் நேரத்தில் கடைப் பையன் கேட்டான்: "சார், கார்டு இருக்கா? இருந்தா அந்த மேல் மாடலைப் பாருங்களேன். மானிட்டரும் பெரிசு, பிரிண்டரும் சேர்ந்து வரும்."

பர்ஸில் கார்டு இருந்தது. 40,000 ரூபாய்க்குத் தேய்த்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போடும்போது மனதில் ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை. அதே 40,000 ரூபாயை நோட்டாக எண்ணிக் கொடுத்திருந்தால் கை நடுங்கியிருக்கும்!

இது எனக்கு மட்டும் உள்ள பலவீனம் இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த டிராசென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகிய இருவர் ஒரு சோதனை நடத்தி, 2001-ல் வெளியிட்டார்கள். கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். ஒரு பிரிவினர் ரொக்கமாகத் தர வேண்டும், இன்னொரு பிரிவினர் கார்டில் தரலாம். கார்டுப் பிரிவினர் கேட்ட சராசரி விலை, ரொக்கப் பிரிவினர் கேட்டதைப் போல சுமார் இரண்டு மடங்கு! பொருள் கைக்கு வருவது இன்று, பணம் போவது அடுத்த மாதம் என்றால் வலி தெரிவதில்லை. கார்டுக்கான கிராக்கியின் முதல் காரணம் இதுதான்.

மற்ற காரணங்கள்

அடுத்தது வட்டியில்லா நாட்கள். பில் தேதியைப் பொறுத்து 20 முதல் 50 நாட்கள் வரை வட்டியில்லாமல் வங்கியின் பணத்தைப் பயன்படுத்தலாம். மாதச் சம்பளக்காரருக்கு இது உண்மையான வசதி. ஆனால் பில் தொகை முழுவதையும் கெடு தேதிக்குள் கட்டினால்தான் இந்தச் சலுகை.

மூன்றாவது, ரிவார்டு பாயின்டும் கேஷ்பேக்கும். இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கார்டு தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு சிறு கட்டணம் தருகிறார். அதில் ஒரு பகுதி உங்கள் வங்கிக்குப் போகிறது. அதிலிருந்துதான் உங்களுக்குப் பாயின்ட் வருகிறது. 1,000 ரூபாய்க்குப் பத்து ரூபாய் கிடைக்கிறதே என்று, தேவையில்லாத 1,000 ரூபாய்ப் பொருளை வாங்கினால் நஷ்டம் 990 ரூபாய்.

நான்காவது, இஎம்ஐ. கம்ப்யூட்டர், லேப்டாப் விற்பனையில் இதன் பங்கு அதிகம். "ஜீரோ பர்சென்ட்" என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. இப்போதுள்ள "நோ காஸ்ட் இஎம்ஐ"யில் வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த அளவுக்கு விலையில் முன்கூட்டியே தள்ளுபடி தருகிறார்கள். வட்டி மீதான 18 சதவிகித ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். பிராசசிங் கட்டணமும் இருக்கலாம். ரொக்க விலை என்ன என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோல்டு, பிளாட்டினம் என்ற பெயர்களும் ஆசையைத் தூண்டுகின்றன. பிறகு, சிபில் ஸ்கோர். 300 முதல் 900 வரையிலான இந்த மதிப்பெண் நன்றாக இருந்தால் வீட்டுக் கடன் எளிதாகக் கிடைக்கும் என்பதற்காகவே பலர் கார்டு வாங்குகிறார்கள். ஒழுங்காகக் கட்டினால் ஸ்கோர் ஏறும். தவறினால் அதே கார்டு ஸ்கோரை இறக்கிவிடும்.

கேட்காமலே வரும் கார்டு

நாம் கேட்பதால் மட்டும் கிராக்கி வருவதில்லை. கொடுப்பவர்களும் அதை உண்டாக்குகிறார்கள். 1958 செப்டம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவில் உள்ள ஃபிரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலே தபாலில் கார்டு அனுப்பியது. அந்த பேங்க்அமெரிகார்டுதான் 1976-ல் விசா என்று பெயர் மாறியது.

இந்தியாவிலும் 2000-க்குப் பிறகு ஃபோன் போட்டுக் கார்டு கொடுத்தார்கள். 2008 மார்ச்சில் சுமார் 2.75 கோடி கார்டுகள் இருந்தன. பாக்கி வசூலாகாமல் வங்கிகள் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, 2012 மார்ச்சில் அது சுமார் 1.77 கோடியாகக் குறைந்தது. கேட்காமல் கார்டு தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்படித் தந்து பில்லும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப் போல இரு மடங்கு அபராதமும் தர வேண்டும்.

"மினிமம் டியூ" என்ற பொறி

என் கதைக்கு வருகிறேன். பில் வந்தது. மொத்தம் 40,000 ரூபாய். அதன் கீழே "மினிமம் டியூ 2,000". சேர்த்து வைத்த 30,000 ரூபாய் அதற்குள் பள்ளிக் கட்டணம், வீட்டு ரிப்பேர் என்று கரைந்திருந்தது. 2,000 கட்டினால் போதும் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆறு மாதம் அப்படியே கட்டினேன். கடனோ கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புதுக் கம்ப்யூட்டரிலேயே எக்ஸெலைத் திறந்து கணக்குப் போட்டேன். நீங்களும் செய்து பாருங்கள். ஒரே வரியில் ஐந்து கட்டங்கள்:

1. பாக்கி: 40,000
2. வட்டி: பாக்கியில் 3.5 சதவிகிதம் (ஒரு மாதத்துக்கு)
3. ஜிஎஸ்டி: வட்டியில் 18 சதவிகிதம்
4. கட்டும் தொகை: முதல் மூன்றின் கூட்டுத்தொகையில் 5 சதவிகிதம்
5. மீதி: அந்தக் கூட்டுத்தொகையில் கட்டியது போக

இந்த மீதியை அடுத்த வரியின் பாக்கியாக வையுங்கள். பிறகு கட்டத்தின் வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து, 12 மாதத்துக்கும் ஃபார்முலாக்களைக் கீழே இழுத்து விடுங்கள்.

விடை என்ன தெரியுமா? ஒரு வருடத்தில் நீங்கள் கட்டியது சுமார் 23,560 ரூபாய். இன்னும் பாக்கி சுமார் 35,130 ரூபாய்! கட்டியதில் 18,690 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விட்டது. இதில் புதிதாக எதுவும் வாங்கவில்லை என்று வைத்துத்தான் கணக்கு. பாக்கி இருக்கும்போது வாங்கும் புதுப் பொருளுக்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அந்தத் திரையைப் பார்த்த என் மனைவி, "ஆர்.டி.யை உடைச்சுக் கட்டிடுங்க" என்றாள். மறுநாளே கட்டினேன். ஆர்.டி.யில் கிடைத்த வட்டி வருடத்துக்கு ஏழு சதவிகிதம்கூட இல்லை. கார்டில் நான் கொடுத்ததோ வரிக்கு முன்பே 42 சதவிகிதம்.

கார்டு இருந்தால் இவற்றைச் செய்யுங்கள்

* பில்லின் முழுத் தொகையும் தானாகக் கட்டப்படும்படி ஆட்டோபே அமைத்துவிடுங்கள். "மினிமம்" என்பதைத் தேர்வு செய்யாதீர்கள்.
* கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். அதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது.
* வெளிநாட்டு உபயோகம் தேவையில்லை என்றால் வங்கியின் ஆப்பில் அதை ஆஃப் செய்து வையுங்கள்.
* ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.
* நீங்கள் செய்யாத செலவுக்கு எஸ்.எம்.எஸ். வந்தால் உடனே வங்கிக்குத் தெரிவியுங்கள். தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாதபோது, மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை.

என்னிடம் இன்றும் அந்தக் கார்டு இருக்கிறது. வங்கியில் பணம் இருந்தால்தான் அதைத் தேய்க்கிறேன். அந்த எக்ஸெல் ஃபைலையும் அழிக்கவில்லை, டெஸ்க்டாப்பிலேயே வைத்திருக்கிறேன்.