தைராய்டுக்கு ஒரு மாத்திரையா, இரண்டா?

நெய்யாறு கடலில் கலக்கும் பூவார் தொடங்கி பாறசாலை வரை, வேலைக்கு வந்து குடும்பத்துடன் தங்கியிருக்கும் நம்மவர்கள் பலர். "தினமும் மீன் சாப்பிடுகிறோம். நமக்கு எப்படித் தைராய்டு குறையும்?" என்று சிலர் கேட்கிறார்கள். மீனில் உள்ள அயோடின், அயோடின் குறைவால் வரும் தொண்டைக் கழலையைத்தான் தடுக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கி அழிப்பதை அது தடுக்காது. இந்தியாவின் 8 நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்குத் தைராய்டுக் குறைவு காணப்பட்டது.

தீராத சோர்வு, எடை கூடுதல், மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிலக்குக் கோளாறு ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்கு டாக்டர்கள் கொடுப்பது லெவோதைராக்சின் மாத்திரை. இது 'டி4' என்ற சுரப்பு நீர். உடம்பு தன் தேவைக்கேற்ப அதை 'டி3' ஆக மாற்றிக் கொள்கிறது. சாதாரணமாக உடம்பில் உள்ள டி3-ல் ஐந்தில் நான்கு பங்கு இப்படி உண்டாவதுதான். ஆகவே பெரும்பாலோருக்கு ஒரே மாத்திரை போதும்.

ஆனால், ரத்தப் பரிசோதனை சரியாக வந்த பிறகும் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குச் சோர்வு நீங்குவதில்லை. டி3 மாத்திரையும் சேர்த்தால் என்ன என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

கேள்வி புதிதல்ல. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், செம்மறியாட்டுத் தைராய்டின் சாற்றை ஒரு பெண்மணிக்கு ஊசி மூலம் செலுத்தினார். அவர் பின்னர் 28 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அந்தச் சுரப்பியில் டி4, டி3 இரண்டும் உண்டு. டி3 என்று ஒன்று இருப்பது தெரிந்ததோ 1952-ல்தான். 1999-ல் 33 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், இரண்டும் சேர்த்தபோது மனநிலை தெளிந்தது. பிறகு, 11 சோதனைகளை 2006-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பொதுவாக வேறுபாடு தெரியவில்லை.

2012-ல் ஐரோப்பியத் தைராய்டு சங்கம் நடுவழி ஒன்று சொன்னது: தக்க நிபுணரின் மேற்பார்வையில், பரீட்சார்த்தமாகச் சேர்த்துப் பார்க்கலாம், மூன்று மாதத்தில் குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

மேற்பார்வை ஏன் அவசியம்? டி4-ன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 7 நாள் ஆகும். டி3-க்கு ஏறக்குறைய ஒரு நாள்தான். டி3 சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். அளவு மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பு தேயும். கர்ப்பிணிகளுக்கு டி3 ஆகாது. சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் டி4-தான் தேவை.

ஆகவே இரண்டாவது மாத்திரையைத் தேடுமுன் முதல் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறோமா என்று பாருங்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே டீயோ காபியோ குடிக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ரத்தசோகையோ சர்க்கரையோ சோர்வுக்குக் காரணமா என்றும் சோதித்துக் கொள்ளுங்கள்.

லீவில் ஊருக்குப் புறப்படும்போது மாத்திரையும் டாக்டர் சீட்டும் பையில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நீங்களாக இரண்டாவது மாத்திரையைச் சேர்க்க வேண்டாம்.